சுங்கை சிப்புட்டுக்கு எது ஏற்ற ஆன்போர்டு சார்ஜர்? மின்சார மோட்டார் சைக்கிள் வேக சார்ஜர்கள் பற்றிய விமர்சனம்

மின்சார மோட்டார் சைக்கிளுக்கு வேகமான சார்ஜர் தேடுபவர்கள் எடுத்த எடுப்பில் கிலோவாட்டைத்தான் கேட்கிறார்கள். 3.3 போதுமா, 6.6 போடலாமா என்று. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. பேட்டரி எத்தனை ஆம்பியர் வாங்கும் என்பது முதல் கேள்வி. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் எத்தனை ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் சார்ஜர் தானாகவே முடிவாகிவிடும்.

தீர்ப்பை முதலிலேயே வைத்துவிடுகிறோம். 72 வோல்ட், 40 முதல் 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி உள்ள வண்டிக்கு, 84 வோல்ட்டில் 20 ஆம்பியர் தருகிற, விசிறி இல்லாத, முழுக்க மூடிய 1.8 கிலோவாட் வகை சார்ஜரே வாங்கத் தக்கது. 3.3 கிலோவாட்டுக்கு ஆகும் கூடுதல் காசை வீட்டு வயரிங்கில் போடுங்கள். 6.6 கிலோவாட் இந்த அளவு பேட்டரிக்கு வேலைக்கு ஆகாது.

சார்ஜர் வண்டியிலேயே (ஆன்போர்டு) இருக்க வேண்டும் என்பதற்கு ஊரின் அமைப்பே காரணம். எல்பில், டோவன்பி, ஹீவூட் பக்கம் குடியிருந்து கந்தானுக்கோ ஈப்போவுக்கோ வேலைக்குப் போகிறவர், பொது சார்ஜிங் நிலையத்தை நம்பி நாளைத் தொடங்க முடியாது. பேட்டரி மாற்றித் தரும் நிலையங்களும் பெரும்பாலும் பெரிய நகரங்களோடு நின்றுவிடுகின்றன. கையில் இருப்பதெல்லாம் சுவர் பிளக்தான்: வீட்டில், வேலையிடத்தின் ஸ்டோரில், சாப்பாட்டுக் கடையின் ஐந்தடி நடைபாதையில், கோயில் மண்டபத்தில். சார்ஜர் வண்டியோடு இருந்தால் ஒரு வயர் மட்டும் எடுத்துப் போனால் போதும். பெட்டி சார்ஜரைக் கூடையில் போட்டுக்கொண்டு செம்மண் பாதையில் குலுங்கப் போனால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் ஈயப்பற்று விட்டுப்போவது வழக்கமான கோளாறு. பார்க்க நன்றாக இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் வெளியீடு வந்து வந்து போகும்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு 72 வோல்ட், 45 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 3.24 கிலோவாட்-மணி. வண்டியோடு வரும் 6 ஆம்பியர் சார்ஜர், காலியான பேட்டரியை நிரப்ப எட்டரை மணி நேரம் எடுக்கும். 10 ஆம்பியரில் ஐந்தே கால் மணி. 20 ஆம்பியரில் ஏறக்குறைய மூன்று மணி. ஆனால் காலியிலிருந்து முழுக்க நிரப்பும் நேரம் இரவில் தூங்குகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரமான ஒரு மணியில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 6 ஆம்பியரில் 430 வாட்-மணி ஏறும். கிலோமீட்டருக்கு 35 முதல் 40 வாட்-மணி குடிக்கும் வண்டிக்கு அது 11, 12 கிலோமீட்டர். 10 ஆம்பியரில் 18 முதல் 20 கிலோமீட்டர். 20 ஆம்பியரில் 36 முதல் 41 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். ஒரு சாப்பாட்டு நேரத்தில் ஈப்போ போய்ச் சேரும் அளவு ஏறுவது 20 ஆம்பியரில்தான். அதனால்தான் அந்த எண்ணில் நிற்கிறோம்.

இந்த ஒரு மணிக் கணக்கு பேட்டரி 30 விழுக்காட்டிலிருந்து 75 வரை ஏறும் பகுதிக்குப் பொருந்தும். அங்கே சார்ஜர் தன் முழு ஆம்பியரையும் தரும். 84 வோல்ட்டைத் தொட்ட பிறகு வோல்ட் அப்படியே நிற்க, ஆம்பியர் இறங்கிக்கொண்டே போகும். கடைசிப் பத்து விழுக்காட்டுக்கு முக்கால் மணி ஆகிறது என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் சார்ஜரைத் திட்டிப் பயனில்லை. எந்தச் சார்ஜரிலும் அது அப்படித்தான். பகலில் 80, 85 விழுக்காட்டில் கழற்றிவிடுங்கள். நேரமும் மிச்சம், செல்களுக்கும் நல்லது.

அடுத்து வோல்ட். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "72 வோல்ட் சார்ஜர்" என்று விற்கப்படும் பெட்டிகள் குறைந்தது மூன்று வகை. நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் செல்கள் 20 தொடராக இருந்தால் முழு வோல்ட் 84. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 24 தொடர் என்றால் 87.6. ஈய-அமில பேட்டரி ஆறு கோத்தது என்றால் சுமார் 88. மூன்றின் அட்டையிலும் 72 என்றே போட்டிருக்கும். ஈய-அமிலச் சார்ஜரை 84 வோல்ட் பேட்டரியில் செருகினால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.4 போகப் பார்க்கும். அந்த நேரத்தில் தீக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) ஒன்றுதான். ஆகவே வண்டியோடு வந்த பழைய சார்ஜரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் வெளியீட்டு வோல்ட்டைப் படியுங்கள். புதியது அதே வோல்ட்டில் இருக்க வேண்டும். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. வாங்கும் இடத்திலேயே மல்டிமீட்டர் வைத்து, பேட்டரி இணைக்காமல் 84.0 வருகிறதா என்று பாருங்கள். 84.4க்கு மேல் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கேன் (பிஎம்எஸ்ஸும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் தகவல் வயர்) கட்டளைக்குக் காத்திருக்கும் வகைகள் பேட்டரி இல்லாமல் எதுவும் தராது; அவற்றுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் உள்ளே விடும் என்பது பேட்டரி ஆவணத்தில் இருக்கும். ஓட்டத்துக்கு 80 ஆம்பியர் தரும் பிஎம்எஸ் சார்ஜுக்கு 15 மட்டுமே அனுமதிப்பது சாதாரணம். சார்ஜ் வழியில் உள்ள மாஸ்ஃபெட்கள் (மின்னணு சுவிட்சுகள்) எண்ணிக்கையில் குறைவு, அவ்வளவுதான் காரணம். 15க்கு என்று செய்ததில் 20 விட்டால் முதலில் அடிக்கடி துண்டிக்கும். பிறகு ஒரு நாள் துண்டிப்பதே நின்றுவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று உரிமையாளர் நினைப்பார். மாஸ்ஃபெட் உருகி, மின்சாரத்தை எப்போதும் விடும் நிலையிலேயே நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள். இனி அதிக சார்ஜைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. சில பட்டறைகளில் சார்ஜ் துளையை விட்டுவிட்டு மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் சார்ஜரை இணைத்துத் தருகிறார்கள். சார்ஜுக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனி வழி வைத்த பிஎம்எஸ்ஸில் இது பாதுகாப்பு முழுவதையும் சுற்றிக்கொண்டு போவதாகும். அப்படிச் செய்து தரும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். பிஎம்எஸ் 15 ஆம்பியர்தான் என்றால் 12 ஆம்பியர் சார்ஜர் வாங்குங்கள், அல்லது பிஎம்எஸ்ஸை முறையாக மாற்றுங்கள்.

இனி வகைகள்.

வண்டியோடு வரும் பெட்டியே போதும் என்று சொல்லத்தக்கவர்களும் உண்டு. தினம் 30 கிலோமீட்டருக்குள் ஓடி, இரவு வீட்டிலேயே நிறுத்துகிறவர் ஒரு வெள்ளியும் செலவழிக்க வேண்டியதில்லை.

அதே மாதிரி இரண்டாவது பெட்டி வாங்கி இணையாகப் போடுவது மலிவான வழி. இரண்டும் ஒரே வோல்ட்டில் நின்றால் ஆம்பியர் கூடும். ஒன்று 84.0, மற்றது 83.6 என்று இருந்தாலும் கெடுதல் இல்லை. குறைந்தது முன்னதாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் ஆளுக்கொரு விசிறி, ஆளுக்கொரு வயர், ஒரே சிறிய சார்ஜ் துளை. மலிவுப் பெட்டிகளில் பவர் ஃபேக்டர் திருத்தம் (சுவரிலிருந்து தேவைக்கு மேல் ஆம்பியர் இழுக்காமல் தடுக்கும் அமைப்பு) இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. 84 வோல்ட் 10 ஆம்பியர் தரும் பெட்டி சுவரிலிருந்து சுமார் 930 வாட் எடுக்கும். திருத்தம் உள்ளதில் அது 4 ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.65 ஆக இருக்கும் பெட்டியில் 6 ஆம்பியருக்கு மேல். இரண்டு பெட்டி போட்டால் 12 ஆம்பியர் தாண்டும். 13 ஆம்பியர் பிளக் அதன் விளிம்புக்கு வந்துவிடும். தற்காலிக ஏற்பாடாக ஏற்கலாம், நிரந்தரமாக அல்ல.

மூடிய 1.8 கிலோவாட் வகை இந்த ஊருக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. 84 வோல்ட் 20 ஆம்பியர் தரும்போது சுவரிலிருந்து சுமார் 1.83 கிலோவாட், 230 வோல்ட்டில் 8 ஆம்பியர். எந்த நல்ல 13 ஆம்பியர் பிளக்கும் தாங்கும். எடை 3, 4 கிலோ. விசிறி இல்லாததால் செம்பனைத் தோட்டத்துத் தூசியும் எறும்பும் பல்லியும் உள்ளே போக வழியில்லை. விசிறி வைத்த சார்ஜர்கள் தோட்டப்புறத்தில் சாவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். டெல்டா-கியூவின் ஐசி வரிசை போன்ற தொழிற்சாலைத் தரச் சார்ஜர்கள் இதே மூடிய அமைப்பில் வருகின்றன. அவற்றில் 1200 வாட் மாடல் வரை உண்டு, கோல்ஃப் வண்டி, தூக்கி வண்டிகளுக்குச் செய்தவை என்பதால் அதிர்வைத் தாங்கும். வோல்ட் வரம்பு உங்கள் பேட்டரிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு என்றால் எடையைப் பாருங்கள். 1.8 கிலோவாட் என்று சொல்லி ஒன்றரைக் கிலோ எடை இருந்தால், வெப்பத்தை வாங்கிக்கொள்ள உள்ளே அலுமினியமும் இல்லை, நிரப்புப் பசையும் இல்லை.

ஐபி67 என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு வாட்டர் ஜெட் அடிக்காதீர்கள். அந்த முத்திரை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தால் தாங்கும் என்கிறது. பீய்ச்சி அடிக்கும் அழுத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

3.3 கிலோவாட் வகையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 80 ஆம்பியர்-மணிக்கு மேல் பேட்டரி உள்ள வண்டிக்கு அது நியாயமானது. எல்கான், டிசி (TC) பெயரில் வரும் சார்ஜர்கள் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தவை. கேன் வழியாக பிஎம்எஸ் சொல்லும் வோல்ட்டையும் ஆம்பியரையும் கேட்டு நடப்பவை. இது உண்மையில் பெரிய வசதி. பேட்டரி சூடானால் பிஎம்எஸ் ஆம்பியரைக் குறைக்கச் சொல்லும், சார்ஜர் குறைக்கும். பொருத்துகிறவருக்கு அந்தச் செய்தி அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். வேகம் நொடிக்கு 250 கிலோபிட். முதல் இரண்டு பைட் வோல்ட், அடுத்த இரண்டு ஆம்பியர், இரண்டும் பத்தால் பெருக்கி, பெரிய பைட் முன்னால். 84.0 வோல்ட் என்பது 840. அது 3, 72 என்ற இரண்டு பைட்டாகப் போகும். 30.0 ஆம்பியர் என்பது 300. அது 1, 44. ஐந்தாவது பைட் 0 என்றால் சார்ஜ் செய், 1 என்றால் நிறுத்து. நொடிக்கு ஒருமுறை இது போய்க்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நொடி வராவிட்டால் சார்ஜர் வெளியீட்டை நிறுத்திவிடும். ஓட ஆரம்பித்துச் சில நொடியில் நின்று, மீண்டும் ஓடி, மீண்டும் நிற்கிற சார்ஜரை உடனே பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கேன் வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு கேன் வயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது.

45 ஆம்பியர்-மணி வண்டிக்கு 3.3 ஏன் வேண்டாம் என்றால், 84 வோல்ட்டில் அது 39 ஆம்பியர். பேட்டரியின் கொள்ளளவில் கிட்டத்தட்ட 0.9 மடங்கு. நம் வெயிலில் ஓடி வந்து நிற்கும் பேட்டரியில் அதைத் திணிக்க எந்த நல்ல பிஎம்எஸ்ஸும் விடாது. 20, 22 ஆம்பியருக்கு இறக்கிவிடும். காசு கொடுத்தது 39க்கு, கிடைப்பது 22.

பெரிய வண்டிகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2019இல் வந்த ஸீரோ எஸ்ஆர்/எஃப், 14.4 கிலோவாட்-மணி பேட்டரிக்கு, பிரீமியம் வகையில் 6 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர் கொடுத்தது. சார்ஜர் கிலோவாட்டைப் பேட்டரி கிலோவாட்-மணியால் வகுத்தால் விகிதம் 0.42. நம் 3.24 கிலோவாட்-மணி பேட்டரியில் 20 ஆம்பியர் விடும்போது விகிதம் 0.44. ஆக, 1.8 கிலோவாட் போட்ட சிறிய வண்டியின் செல்கள், 6 கிலோவாட் போட்ட பெரிய வண்டியின் செல்கள் அளவுக்கே வேகமாக நிரம்புகின்றன. ஸீரோ வண்டிகள் சுமார் 100 வோல்ட்டில் ஓடுபவை. டிசி வேக நிலையங்களில் செருகும் வசதி அவற்றில் இல்லை. நம் 72 வோல்ட் வண்டிகளுக்கும் அதே நிலைதான். பெரும்பாலான டிசி நிலையங்கள் 150, 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. சுமார் 300 வோல்ட் பேட்டரியோடு டிசியில் நிரம்பும் வண்டிகளைச் செய்த இத்தாலிய எனர்ஜிகா நிறுவனம் 2024 அக்டோபரில் திவாலானது. பழையது வாங்க நினைப்பவர்கள் உதிரிப் பாகத்தை யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஈப்போவில் கார்களுக்கான டைப் 2 என்ற ஏசி பிளக் நிலையத்தில் செருகலாமா என்று கேட்கிறார்கள். அடாப்டர் இருந்தால் செருகலாம். "22 கிலோவாட்" என்ற பலகையைப் பார்த்து வேகம் கூடும் என்று எண்ண வேண்டாம். அது மூன்று ஃபேஸ் கணக்கு. நம் சார்ஜர் ஒரு ஃபேஸ்தான் எடுக்கும், 1.8 கிலோவாட் சார்ஜர் அங்கேயும் 1.8 தான். அடாப்டரில் கவனிக்க வேண்டியது கட்டுப்பாட்டு வயர். நிலையம் 12 வோல்ட்டில் சைகை அனுப்பும். வண்டி 2.74 கிலோ-ஓம் காட்டினால் அது 9 வோல்ட்டுக்கு இறங்கும், வண்டி வந்துவிட்டது என்று பொருள். கூடவே 1.3 கிலோ-ஓம் இணையாகச் சேர்ந்தால் 6 வோல்ட், மின்சாரம் திறக்கும். இந்த வழியில் ஒரு டயோடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலையம் கோளாறு என்று சிவப்பு விளக்கு காட்டும். 1.3 கிலோ-ஓமுக்கு ஒரு சுவிட்ச் வைத்த அடாப்டரையே வாங்குங்கள். முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு இழுத்தால் மின்சாரம் நின்ற பிறகு பிளக் வெளியே வரும். சுவிட்ச் இல்லாததில் 8 ஆம்பியர் ஓடும்போதே இழுக்க வேண்டியிருக்கும். பின்கள் தீப்பொறி பட்டுக் கருத்துவிடும்.

இப்போது வீட்டுச் சுவர். பணத்தை இங்கே போடுங்கள் என்று மேலே சொன்னதற்கு விளக்கம் தேவை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 10 விழுக்காடு மேலே, 6 விழுக்காடு கீழே போகலாம். அதாவது 216 வரை இறங்குவது விதிக்குள். தோட்டத்து லயத்து வீடுகளில், கம்பத்திலிருந்து நீண்டு வரும் பழைய வயரில், மாலை எல்லா வீட்டிலும் சோறு பொங்கும் நேரத்தில் அதற்கும் கீழே போகும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சார்ஜர், வோல்ட் இறங்கினால் ஆம்பியரைக் கூட்டி அதே வாட்டை எடுத்துக்கொள்ளும். 210 வோல்ட்டில் 8 ஆம்பியர் 8.7 ஆகும். தளர்ந்த பிளக்கில் இந்த முக்கால் ஆம்பியரும் வெப்பம்தான்.

3.3 கிலோவாட் என்றால் சுவரில் 15.4 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கில் அது முடியவே முடியாது. ஏர்கானுக்குப் போடும் உருண்டைக் கால் 15 ஆம்பியர் பிளக்கும் மணிக்கணக்கான ஓட்டத்துக்குப் போதாது. 16 ஆம்பியர் நீலத் தொழில்துறைப் பிளக்கோ டைப் 2 சுவர்ப் பெட்டியோ வேண்டும், தனி சர்க்கியூட்டில். டிபி (மின் பகிர்வு) பெட்டியிலிருந்து 25 மீட்டர் தள்ளி வண்டி நிற்கிறது என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 16 ஆம்பியருக்கு 7.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 4.4 வோல்ட். சுடுநீர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் அதுவும் 15.6 ஆம்பியர். இரண்டும் ஒன்றாக ஓடினால் 31. மெயின் சுவிட்சே 30 ஆம்பியர் உள்ள பழைய வீட்டில் குளிக்கப் போனதும் வீடு இருண்டுவிடலாம்.

1.8 கிலோவாட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனாலும் இவற்றைச் செய்துவிடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் புதிய 13 ஆம்பியர் ஒற்றைப் பிளக், டிபியிலிருந்து நேரடியாக 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி (ஆம்பியர் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்). பழைய வீடுகளில் மொத்தத்துக்கும் 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் அணைக்கும் சுவிட்ச்) ஒன்று மட்டுமே இருக்கும். கையில் தொட்டுப் புழங்கும் கருவிகளுக்கு 1994 மின்சார ஒழுங்குமுறை கேட்பது 30 மில்லிஆம்பியர். அது ஏசி வகையாக இல்லாமல் ஏ வகையாக இருக்கட்டும். சார்ஜர்களில் வரும் டிசி கசிவு ஏசி வகையைக் குருடாக்கிவிடும். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு எர்த் அளக்கச் சொல்லுங்கள். சார்ஜரின் உடல் வண்டியின் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் செருகினால், மழை ஈரத்தில் வண்டியைத் தொடுகிற பிள்ளைக்குத்தான் அடிக்கும்.

நீட்டிப்பு வயர் சுருளை முழுக்கப் பிரிக்காமல் பயன்படுத்தாதீர்கள். 13 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சுருள், சுற்றியபடியே இருந்தால் 5 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பேராக்கின் பிற்பகல் இடி மின்னலையும் கணக்கில் எடுங்கள்: டிபியில் டைப் 2 மின்னழுத்தத் தடுப்பான் போடுங்கள், இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றுங்கள். வான்வழிக் கம்பியின் கடைசி வீடுகளில் சார்ஜர் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். 6 ஆம்பியரிலிருந்து 20க்குப் போனால், ஒரே இணைப்பில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்கு அல்ல, பதினோரு மடங்கு. ஆம்பியரின் வர்க்கத்தில் கூடும். அதனால் சார்ஜரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சார்ஜ் துளையையும் மெல்லிய வயரையும் விட்டுவைப்பதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது. ஜிஎக்ஸ்16 வகை உருளைப் பிளக்கை 10 ஆம்பியருக்கு மேல் நம்பக் கூடாது. ஆன்டர்சன் எஸ்பி50 அல்லது எக்ஸ்டி90 போடுங்கள். சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர், நீளம் ஒரு மீட்டருக்குள். பேட்டரி பக்கத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ். கார் கடையில் கிடைக்கும் தகட்டு ஃபியூஸ் வேண்டாம். அது 32 வோல்ட்டுக்குச் செய்தது, 84 வோல்ட் டிசியில் உருகினாலும் நடுவில் தீப்பொறி நின்று எரியும். சோலார் கடையில் கிடைக்கும் 10க்கு 38 மில்லிமீட்டர் ஃபியூஸ் 1000 வோல்ட் டிசி தாங்கும், பிடிப்பானோடு கிடைக்கும், அதுதான் சரி. உள்ளே வரும் ஏசி பக்கத்துக்கு, கணினி வயர் மாதிரி இருக்கும் சி14 துளையின் வரம்பு 10 ஆம்பியர். 16 ஆம்பியர் தாங்கும் சி20 துளை, ரப்பர் மூடியோடு போட்டுவிட்டால் கவலை இல்லை.

இடம் தேர்வதில் பலர் காற்றை நம்பி முன் பக்கம் பொருத்துகிறார்கள். சார்ஜர் வேலை செய்வது வண்டி நிற்கும்போது. அப்போது காற்று இல்லை. 92 விழுக்காடு திறன் உள்ள சார்ஜர் 20 ஆம்பியரில் 145 வாட் வெப்பத்தை வெளியே விட வேண்டும். துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்கும்படி, மேலே அடைப்பு இல்லாமல் வைத்தால் சூடான காற்று தானே ஏறிப் போகும். இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் இருபது நிமிடத்தில் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள 20 ஆம்பியரை 12 ஆக்கிவிடும். வேகச் சார்ஜர் வாங்கியும் வேகம் இல்லை என்ற புகார்களில் பாதி இதுதான். 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, வெப்பப் பசை, நான்கு மூலையிலும் ரப்பர் புஷ், நைலான் பூட்டு நட்டு. போல்ட்டில் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். தோட்டப் பாதையில் ஒரு மாதம் ஓடிய பிறகு கோடு விலகியிருந்தால் தெரியும்.

பேட்டரியின் வெப்பம் தனி விஷயம். பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் வரம்பு 45 டிகிரி. மதிய வெயிலில் ஈப்போவிலிருந்து முழு வேகத்தில் வந்த பேட்டரி அதை ஒட்டி நிற்கும். நிழலில் அரை மணி விட்டுப் பிறகு செருகினால் முழு ஆம்பியரும் போகும். உடனே செருகினால் பிஎம்எஸ் நிறுத்திவிடும்.

முதல் சார்ஜை ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியரும், அகச்சிவப்பு வெப்பமானியில் சுவர் பிளக், சி20, எஸ்பி50, ஃபியூஸ் பிடிப்பான் நான்கும். அரை மணி கழித்து எந்த இணைப்பும் சுற்றுக் காற்றைவிட 25 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. 60 டிகிரி தொட்டால் நிறுத்திவிட்டு அந்த முனையைத் திரும்ப கிரிம்ப் (கருவியால் அழுத்திப் பிடிப்பது) செய்யுங்கள். ஈயப்பற்றால் ஒட்டிய முனைகள் அதிர்வில் விரியும், கிரிம்ப்தான் நிற்கும்.

பொருத்தியதும் பார்க்க வேண்டிய இன்னொன்று, சும்மா இருக்கும்போது கசிவு. சார்ஜர் எப்போதும் பேட்டரியோடு இணைந்திருப்பதால், வெளியீட்டில் டயோடோ ரிலேயோ இல்லாத மலிவு வகை பேட்டரியை உள்ளிருந்தே குடிக்கும். 20 மில்லிஆம்பியர் என்பது அற்பமாகத் தெரியும். ஒரு மாதத்தில் அது 14.4 ஆம்பியர்-மணி, நம் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வருகிறவரின் பேட்டரி செத்துக் கிடக்கும். 2 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால் நடுவில் ஒரு டிசி ரிலே போடச் சொல்லுங்கள். பிளக் செருகியிருக்கும்போது மோட்டார் ஓடாமல் தடுக்கும் பூட்டும் அதே வேலையில் முடிந்துவிடும்: சார்ஜரில் 12 வோல்ட் துணை வெளியீடு இருந்தால் அதில் ஒரு ரிலே வைத்து, பக்க ஸ்டாண்டு சுவிட்சின் வயரைத் துண்டிக்கலாம்.

மின்கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூலை முதல் வீடுகளுக்கு, மாதம் 1,500 யூனிட்டுக்குள், மின்சக்தி, கொள்திறன், கட்டமைப்பு மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென், கழிவுகளுக்கு முன். காலியான 3.24 கிலோவாட்-மணி பேட்டரியை நிரப்பச் சுமார் 3.6 யூனிட், 1 வெள்ளி 60 சென். வேகமாக ஏற்றினாலும் மெதுவாக ஏற்றினாலும் இதுதான். நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறிய வீடுகளுக்கு வேலை நாளில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை உச்ச நேரம். 12 மணிக்குச் சாப்பிட வந்து 20 ஆம்பியரில் செருகுகிறவர் உச்ச நேரம் தொடங்குவதற்குள் 40 ஆம்பியர்-மணி வரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். 6 ஆம்பியர் பெட்டியில் அதே இரண்டு மணிக்கு 12தான்.

கடையில் கேட்க வேண்டியவை: வெளியீட்டு வோல்ட் எத்தனை, பவர் ஃபேக்டர் எத்தனை, வெளியீட்டில் ரிலே உண்டா, உள்ளே பசை நிரப்பியதா, கேன் உண்டென்றால் செய்தி விவரம் எழுத்தில் கிடைக்குமா, இதைப் பொருத்தினால் வண்டியின் உத்தரவாதம் நிற்குமா. கடைசிக் கேள்விக்கு வண்டி விற்றவரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். உத்தரவாதம் இன்னும் ஓராண்டு இருக்கிறது, பேட்டரியைத் தொட்டால் செல்லாது என்கிறார்கள் என்றால், அதுவரை வேலையிடத்தில் ஒரு 10 ஆம்பியர் பெட்டியை வைத்து ஓட்டுங்கள். பழைய சார்ஜ் துளையும் அதைத் தாங்கும்.